கத்தி பிடிக்கும் கையில் நிழல் விழக் கூடாது

கேள்வி: மதுரையில் 20 வருடப் பழைய வீடு எங்களுடையது. 10-க்கு 8 அடி சமையலறையில் கடப்பாக்கல் மேடையைப் பெயர்த்துவிட்டு கறுப்பு கிரானைட் போடுகிறோம். ‘எல்’ வடிவ மேடை. அதற்கு நேர் மேலே 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண். இப்போது வாசல் நிலைக்கு மேல் ஒரே ஒரு டியூப்லைட்தான். மேடைக்கு மேல் மூன்று தொங்கு விளக்கு வேண்டும் என்கிறாள் மகள். ஃபால்ஸ் சீலிங் அடித்து ஆறு டவுன்லைட் வைக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். இருக்கிற டியூப்லைட்டே போதும் என்கிறார் அத்தை. அவருக்கு 70 வயது. காய் நறுக்குவது அவர்தான். பத்து நாளில் டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறார்கள். விளக்குக்கு 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எதை வாங்குவது?

– மதுரை வாசகி

பதில்: எதை வாங்குவது என்பதை டைல்ஸ் ஒட்டிய பிறகுகூட முடிவு செய்துகொள்ளலாம். எங்கே வைப்பது என்பதைத்தான் இந்தப் பத்து நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும். சுவரில் காடி வெட்டி பைப் பதித்த பிறகுதானே டைல்ஸ்? அதன்பின் ஒரு பாயின்ட்டை அரை அடி நகர்த்த வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயரை வெளியில் பட்டி அடித்து ஓட்ட வேண்டும். சமையலறையில் அந்தப் பட்டியில் ஏறும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து மாளாது.

இன்று இரவு மேடை முன் நின்று ஒரு வெங்காயம் நறுக்கிப் பாருங்கள். வாசல் டியூப்லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் தலையும் தோளும் நிழலாக நேரே பலகை மேல் விழும். கத்தி எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்பதே மங்கலாகத் தெரியும். அத்தை தினமும் அந்த நிழலில்தான் நறுக்குகிறார். வயது ஏற ஏற கண்ணின் பாப்பா சுருங்கும், லென்ஸ் மஞ்சள் பாயும். இளவயதுக்காரருக்குப் போதுமான வெளிச்சத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அவருக்குத் தேவை. ‘போதும்’ என்று அவர் சொல்வது பழகிப்போனதால். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எலக்ட்ரீஷியன் சொல்கிற ஆறு டவுன்லைட்டும் இதைத் தீர்க்காது. மேடைக்கு மேலே பரண் மறைப்பதால் அவற்றை அறையின் நடுவில்தான் வைக்க முடியும். அதாவது, மறுபடியும் உங்கள் முதுகுக்குப் பின்னால். ஒரு நிழல் இருந்த இடத்தில் நாலைந்து நிழல் விழும். ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆகும் செலவு வேறு. அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது பரணின் அடிப்பக்கத்தில் விளக்கு. பரணின் முன் விளிம்பிலிருந்து ஐந்தாறு அங்குலம் உள்ளே தள்ளி, மேடையின் நீளத்துக்கு ஓட வேண்டும். அப்போது வெளிச்சம் உங்கள் முகத்துக்கு முன்னாலிருந்து கைமேல் விழும். நிழல் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். இதற்கு ஸ்ட்ரிப் லைட்டைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு டிரைவர் என்னும் மின்சாரப் பெட்டி தனி, அலுமினிய சேனல் தனி. இரண்டு வருடத்தில் டிரைவர் போனால் அதே வோல்ட், அதே வாட்டில் தேடி அலைய வேண்டும். அதனால் மெல்லிசான டி5 எல்.இ.டி. பட்டியைத்தான் உங்களுக்குச் சொல்வேன். 4 அடிக்கு 20 வாட், ஏறத்தாழ 2,000 லூமென் வெளிச்சம். தெருமுனை எலக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கும். போனால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிடலாம். உங்கள் மேடைக்கு இரண்டு மூன்று பட்டி போதும். விளக்கு கண்ணில் நேரடியாகப் படாமலிருக்க, பரண் விளிம்பில் இரண்டு அங்குல மரச்சட்டம் ஒன்றை தச்சரிடம் அடிக்கச் சொல்லுங்கள். கறுப்பு கிரானைட் பாலீஷ் போட்டால் கண்ணாடி மாதிரி. பால்நிற மூடி இல்லாத ஸ்ட்ரிப் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் கல்லில் தெரிந்து கண் கூசும். டி5-இல் அந்தத் தொல்லை இல்லை.

காடி வெட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம், எக்ஸ்டென்ஷன் வயரில் ஒரு பட்டியை மாட்டி, பரணுக்கு அடியில் ஒருவர் பிடித்துக்கொள்ள, அத்தையை நறுக்கச் சொல்லுங்கள். விளக்கை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அவர் கைமேல் நிழல் விழாத இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். எந்த வரைபடத்தையும்விட அந்தக் கோட்டைத்தான் நான் நம்புவேன்.

அடுப்புக்கு நேர் மேலே மட்டும் பட்டி வேண்டாம். சூடு எல்.இ.டி.யின் ஆயுளைக் குறைக்கும். அதைவிட முக்கியம், பட்டிக்கும் பரணுக்கும் நடுவில் உள்ள இடுக்கு பல்லிக்குப் பிடித்த இடம். கொதிக்கிற குழம்புக்கு மேலே அது வேண்டாம். சிம்னி வைத்தால் அதிலேயே விளக்கு வரும். வைக்காவிட்டால் அடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு அடி தள்ளிப் பட்டி முடியட்டும்.

மகள் கேட்கும் தொங்கு விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். படங்களில் அவள் பார்ப்பது அறை நடுவில் தனியாக நிற்கும் மேடைக்கு மேலே தொங்குகிறவை. நம் வீட்டில் தாளிக்கிற புகை அந்தக் கிண்ணத்துக்குள் படியும். மழை பெய்த ராத்திரி ஈசல் வந்து அதைச் சுற்றி, இறகு உதிர்ந்து கீழே மாவில் விழும். ஆனாலும் அவள் ஆசையைத் தட்டாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒன்று, மேசையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் தொங்கட்டும். உள்ளேயே சிப் பதித்தது வேண்டாம், பல்பு மாற்றக்கூடியதாக வாங்குங்கள். அங்கே 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) மஞ்சள் வெளிச்சம் சாப்பாட்டுக்கு நன்றாக இருக்கும்.

மேடைக்கு அந்த மஞ்சள் ஆகாது. குழம்பில் மஞ்சள்தூள் போட்டோமா என்பதே தெரியாது. கடைக்காரர் கேட்காமலே எடுத்துத் தரும் 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் தூக்கல். வெங்காயம் பொன்னிறமாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 4000 கெல்வின் என்று கேளுங்கள். ‘நேச்சுரல் ஒயிட்’ என்பார்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள்; பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதை அது சொல்லும். 80-க்குக் குறையக் கூடாது, 90 கிடைத்தால் ரொம்ப நல்லது. பையில் ஒரு தக்காளியும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் கொண்டுபோய், விளக்கை எரியவிட்டு அடியில் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வாசல் டியூப்லைட் இருந்த இடத்திலேயே பொது வெளிச்சத்துக்கு இருக்கட்டும். சிங்க்குக்கு மேலே தண்ணீர் புகாத, ஐ.பி.65 போட்ட சின்ன விளக்கு ஒன்று வேண்டும். உலோகப் பட்டி என்றால் எர்த் வயர் கட்டாயம். பரண் விளக்குக்குத் தனி சுவிட்ச், சிங்க்கிலிருந்து எட்டி. அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று பட்டி போட்டாலும் சேர்ந்து 60 வாட்தான், கரன்ட் போனாலும் பாதிச் சமையலில் நிற்க வேண்டாம். இவ்வளவுக்கும் நீங்கள் ஒதுக்கிய பணத்தில் பாதி தாண்டாது. மிச்சத்தில் அதே பட்டியில் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். பின்னால் வாங்குவது ஒரே கம்பெனியாக இருந்தாலும் நிறம் கொஞ்சம் மாறும்.