தொழிலாளிக்கும் ஒரு வாட்ச்: ரோஸ்காஃப் யார்?

19ஆம் நூற்றாண்டு ஸ்விஸ் வாட்ச் வல்லுநர்களில் யாருடைய வாழ்க்கையைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன், ஜார்ஜ் ஃபிரெடெரிக் ரோஸ்காஃப். 1813இல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் பிறந்தவர், பதினாறு வயதில் சுவிட்சர்லாந்தின் வாட்ச் ஊரான லா ஷோ-த-ஃபோனுக்கு வந்து, அங்கேயே தொழில் கற்று, கடைசியில் சுவிட்சர்லாந்துக்காரராகவே ஆகிவிட்டார்.

அந்தக் காலத்தில் நல்ல பாக்கெட் வாட்ச் என்றால் வசதியானவர்களுக்குத்தான். தொழிலாளி ஒருவர் 20 பிராங்குக்கு வாங்கி நம்பிப் பயன்படுத்தும்படி ஒன்று வேண்டும் என்று ரோஸ்காஃப் பிடிவாதமாக இருந்தார். எப்படிச் செய்தார் என்பதுதான் அழகு: வழக்கமாக நிமிட முள்ளைச் சுற்றும் நடுச்சக்கரத்தையே எடுத்துவிட்டு, சுருள்வில் இருக்கும் டப்பாவைப் பெரிதாக்கி, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி விடும், மாணிக்கக்கல் பதித்த நெம்புகோலுக்குப் பதில் இரண்டு எஃகு ஊசிகள் வைத்த நெம்புகோலைப் போட்டார். மொத்தமே 57 பாகங்கள். ஆரம்பகால வாட்ச்களில் முள்ளைத் திருப்பத் தனி அமைப்புகூடக் கிடையாது, கண்ணாடி மூடியைத் திறந்து விரலால் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளூர் வாட்ச்காரர்கள் மலிவுச் சரக்கு என்று எதிர்த்தார்கள். ஆனாலும் 1867 பாரிஸ் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அப்புறம், சுவிட்சர்லாந்தில் அப்போது காப்புரிமைச் சட்டமே இல்லாததால், ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். ரோஸ்காஃப் 1889இல் பெர்னில் இறந்தார்.