மவுண்ட் ரோடில் என்ன மிச்சம்?

வாசகி, திருச்சி: சிறுமியாக இருந்தபோது அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கித் தந்தார். சமீபத்தில் சென்ட்ரலில் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த இடம் எங்கே?

பதில்: நீங்கள் விசாரித்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான். புறநகர் மின்சார ரயில்கள் நிற்கிறதே, அதுதான் பழைய மூர் மார்க்கெட். ரயில்வேக்காரர்கள் அந்த நிலையத்தை இன்றும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்கிறார்கள். ஆவடி வண்டியைப் பிடிக்க ஓடுகிறவருக்கு மூரும் தெரியாது, மார்க்கெட்டும் தெரியாது. (மூர், மாநகராட்சித் தலைவராக இருந்த வெள்ளைக்காரர்.) 1900இல் திறந்த செங்கல் கட்டடம். கிளி, கிராமபோன் தட்டு, மரப்பாச்சி, கிழிந்த அட்டையுடன் ஆங்கில நாவல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. பழைய புத்தகக் கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டார், நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். ஆசையைக் காட்டினால் தொலைந்தோம்! நான் எப்போதும் பக்கத்துப் புத்தகத்தைத்தான் முதலில் விலை கேட்பேன்.

1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்தது. அந்த நிலத்தின் மேல் ரயில்வேக்கு ஏற்கெனவே கண் இருந்ததால் ஊர் பலவிதமாகப் பேசியது. கடைக்காரர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். கடை வந்தது, கூட்டம் வரவில்லை.

வாசகர், மடிப்பாக்கம்: ஒரு காலத்தில் ஸ்பென்சர் பிளாசாவில் நிற்க இடமிருக்காது. இப்போது ஈ ஓட்டுகிறார்கள். ஏன்?

பதில்: ஸ்பென்சர் ஒரு முறை செத்துப் பிழைத்த கடை, அதனால் சட்டென்று இரங்கல் கூட்டம் வைத்துவிடாதீர்கள். பழைய ஸ்பென்சர், துரைமார்கள் ஜாமும் பிஸ்கட்டும் வாங்கிய சிவப்புக் கட்டடம். 1980களின் தொடக்கத்தில் அதுவும் தீக்கு இரையானது. அதே இடத்தில் 90களில் பிளாசா எழுந்தபோது, வெயிலுக்கு ஒதுங்கி எஸ்கலேட்டரில் ஏறி இறங்கிவிட்டு ஒரு பைசா செலவழிக்காமல் வீடு திரும்பிய ஆயிரக்கணக்கானோரில் அடியேனும் ஒருவன்.

என் கணக்கில் அதன் சரிவுக்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உள்ளே சினிமா கிடையாது. 2010இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூவும், 2013இல் வேளச்சேரியில் பீனிக்ஸும் வந்தன; இரண்டிலும் திரையரங்கு உண்டு. இரண்டாவதுதான் பெரிது: கடைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விற்றுவிட்டார்கள். புது மால்களில் ஒரே முதலாளி. எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்கிறார். இங்கே ஒரு விளக்கை மாற்றவும் ஊர்ப் பஞ்சாயத்து. ஆனாலும் கடிகார பெல்ட் மாற்ற நான் இன்றும் அங்கேதான் போகிறேன்.

வாசகர், சேலம்: மவுண்ட் ரோடில் பழைய கட்டடம் ஏதாவது மிச்சம் உண்டா?

பதில்: உண்டு. ஹிக்கின்பாதம்ஸ், 1904ஆம் ஆண்டுக் கட்டடம். இன்றும் புத்தகக் கடையாகவே இருக்கிறது, அதுதான் விசேஷம். 1959இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் 1975 தீயையும் தாண்டி நிற்கிறது. 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது. இடிக்காமல் காப்பாற்றினோம் என்று மார்தட்டிக்கொண்டோம், ஆனால் அதன்பின் ஆண்டுக்கணக்கில் அதன் சுவரில் செடி முளைப்பதை வேடிக்கை பார்த்தோம். இடிப்பவர் மேல் எனக்கு வரும் கோபத்தைவிட இந்த வேடிக்கையின் மேல் வரும் கோபம் அதிகம்.

வாசகி, கும்பகோணம்: தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு எப்போது போனால் கூட்டம் இருக்காது?

பதில்: மாம்பலம் ரயில் நிலையத்தை இடம் மாற்றிய பிறகு. அதுவரை, கடை திறக்கும் நேரத்துக்கு, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். ஆடித் தள்ளுபடியில் வருவதாக இருந்தால் குழந்தையின் கையை விடாதீர்கள்; பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.