குதிரையின் முடிப் பரிசோதனை: கேள்வி பதில்

பிடரி முடியைக் கொஞ்சம் வெட்டி லேபுக்கு அனுப்பினால் குதிரையின் தாதுச்சத்துக் கணக்கு முழுவதும் வந்துவிடும் என்கிறார்களே, நம்பலாமா? பலரும் இதையே சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கால்நடைத் தீவனம் என் துறை என்பதால் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: முடி ரிப்போர்ட்டில் கால்சியம் குறைவு, ரத்தத்தில் சரியாக இருக்கிறது. எதை நம்புவது டாக்டர்?

இரண்டையும் ஓரமாக வையுங்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்த்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டிவிடும். எலும்பு கரைந்துகொண்டே இருக்க, ரத்த ரிப்போர்ட் மட்டும் அழகாக வரும். முடியில் உள்ள கால்சியமோ எலும்பைப் பற்றியும் சொல்லாது, தீவனத்தைப் பற்றியும் சொல்லாது.

என்ன தின்கிறது என்று பாருங்கள். தவிடு அதிகம் போடுகிறீர்களா? தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். மொத்தத் தீவனத்தில் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸ் அளவுக்காவது இருக்க வேண்டும்; ஒன்றரை, இரண்டு பங்கு இருந்தால் நல்லது. இது தலைகீழாகி நாள்பட்டால் முகத்தெலும்பு இருபுறமும் உப்பிக்கொள்ளும், காரணம் பிடிபடாத நொண்டல் வரும். ஆக்சலேட் மிகுந்த புல்லும் இதே வேலையைச் செய்யும், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். சந்தேகம் இருந்தால் சிறுநீரையும் ரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து, பாஸ்பரஸ் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே லாயம், ஒரே தீவனம். கறுப்புக் குதிரைக்கும் வெள்ளைக் குதிரைக்கும் ரிப்போர்ட் ஏன் வேறு வேறாக வருகிறது?

முடிக்குக் கறுப்பு தரும் மெலனின் சில உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் குறையே இல்லாவிட்டாலும் நிறம் எண்ணை மாற்றிவிடும்.

கேள்வி: உப்பு போதுமா என்று முடியில் தெரியுமா?

தெரியாது. வியர்வையே உப்புதான், அது முடியில் காய்ந்து கிடக்கும். அதைக் கழுவிவிட்டா சோதித்தார்கள், எவ்வளவு கழுவினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

கேள்வி: அப்போ முடிப் பரிசோதனையே ஏமாற்று வேலையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நஞ்சு ஏறியிருக்கிறதா என்று தேடும்போது அது உருப்படியான கருவி. ஆர்சனிக், ஈயம், முக்கியமாக செலினியம் (உடம்புக்குத் துளியளவு வேண்டிய தாதுதான், மிஞ்சினால் நஞ்சு). பிடரியும் வாலும் கொட்டுகிறது, குளம்பில் குறுக்காக விரிசல் விழுகிறது என்றால் நாள்பட்ட செலினிய நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். பிடரி மாதத்துக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. வளரும் என்று வையுங்கள். துண்டு துண்டாகச் சோதித்தால் எந்த மாதங்களில் அளவு ஏறியது என்று ஓரளவு பிடிக்கலாம். போன மாதத்துத் தீவனம் தின்று தீர்ந்தே போயிருக்கும், முடி அங்கேயே இருக்கும்.

ஆனால் திடீர் நஞ்சுக்கு இது உதவாது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் செத்தன. செலுத்திய சத்து மருந்தில் செலினியம் அளவு மீறியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ரத்தமும் கல்லீரலும்தான் பேசும். அன்றைய முடி தோலுக்கு வெளியே வந்தே இருக்காது.

செலினியம் குறைவா என்று பார்க்க முடி வேண்டாம், முழு ரத்தத்தில் பாருங்கள்.

கேள்வி: காப்பர், ஜிங்க் குறைவு என்று லேபு சொல்லி, கூடவே அவர்களே ஒரு பவுடரும் அனுப்பினார்கள். கொடுக்கலாமா?

சோதிப்பவரே மருந்தும் விற்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். 2001இல் ஆரோக்கியமான ஒரே மனிதரின் முடியைப் பிரித்து ஆறு லேபுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எண்களும் ஒத்துப்போகவில்லை, விளக்கங்களும் ஒத்துப்போகவில்லை. நீங்களும் ஒரே கொத்தை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு குதிரையின் பெயரில் அனுப்பிப் பாருங்களேன்!

காப்பர் சேமிப்பு கல்லீரலில் இருக்கிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அங்கிருந்து சிறு துண்டு எடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் எதற்கு? 500 கிலோ எடையுள்ள, வேலையில்லாத குதிரைக்கு நாளைக்கு 100 மி.கி. காப்பர், 400 மி.கி. ஜிங்க் தேவை. வைக்கோலையும் புல்லையும் தீவன லேபில் சோதித்து, குறைகிற அளவை மட்டும் சேருங்கள். அந்தப் பவுடரில் செலினியமும் இருந்தால், ஏற்கெனவே கொடுக்கும் தாது உப்புக் கலவையில் உள்ளதோடு கூட்டிப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

கேள்வி: இரும்பு டானிக்?

வேண்டாம். புல்லிலும் மண்ணிலும் வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. ரத்தம் இழக்காத குதிரைக்கு இரும்புக் குறைவு வருவது அபூர்வம்.

கேள்வி: நஞ்சு சந்தேகத்துக்காக முடி அனுப்பப் போகிறோம். எப்படி எடுப்பது?

மருந்து ஷாம்பூ போட்ட இடத்தைத் தவிருங்கள். சிலவற்றில் ஜிங்க்கோ செலினியமோ இருக்கும். வாலைவிடப் பிடரி மேல், வாலில் சிறுநீரும் சாணமும் படும். தோலை ஒட்டி வெட்டி, வெட்டிய கையோடு வேர்ப்பக்கத்தை நூலால் கட்டிக் காகித உறையில் போடுங்கள். எந்த முனை வேர் என்று தெரியாமல் கலந்துவிட்டால் மாதக் கணக்கு போய்விடும். அதே நாளில் தீவனத்திலும் குடிநீரிலும் ஒவ்வொரு மாதிரி எடுத்து வையுங்கள். முடியில் அளவு ஏறியிருந்தால் அடுத்து சோதிக்க வேண்டியவை அவைதான்.