‘பரவாயில்லை’ என்று எத்தனை முறை சொன்னீர்கள்?

(வாசகி கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. கடிதத்தைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

வணக்கம். எட்டு மாதத்துக்கு முன்பு, நான் வேலை பார்த்த அதே குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். பன்னிரண்டு பேர். அதுவரை பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள். முதல் நாளே, “எப்ப வேணும்னாலும், எதுக்கு வேணும்னாலும் என்கிட்ட வாங்க” என்று சொன்னேன். இப்போது இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் வருகிறது. ஒருவர் தன் வீட்டுப் பிரச்சினையை மணிக்கணக்கில் சொல்கிறார். சிரித்துக்கொண்டே “பரவாயில்லை” என்பேன். போன வாரம் ஒரு சின்ன விஷயத்துக்கு, குழுவிலேயே இளைய பையன் மேல் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். இனி எல்லை போட்டால் “பதவி வந்ததும் மாறிட்டாங்க” என்பார்கள். கோபப்படாமல், உறவு கெடாமல் எல்லை வகுக்க முடியுமா?

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் பையன். அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேட்கவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள். எல்லோர் முன்னாலும் திட்டினீர்கள், எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எட்டு மாதமாக உங்கள் மனதுக்குள் ஒரு கோடு இருந்திருக்கிறது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். 11 மணிக்குக் கேள்வி அனுப்பியவருக்கு ஐந்து நிமிடத்தில் பதிலும் ஒரு சிரிப்புப் பொம்மையும் போயிருக்கும். ‘இவங்க இந்நேரம் முழிச்சுத்தான் இருப்பாங்க’ என்று அவர் நினைத்தால் அது அவர் தப்பா?

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். ஒரு காலத்தில் ஏழு பேர் கொண்ட குழுவைப் பார்த்துக்கொண்டேன். அதில் ஒருவர், தினமும் நான் கிளம்பும் நேரமாகப் பார்த்து வருவார். என் நாற்காலியின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு “ஒரு நிமிஷம்” என்பார். பையின் ஜிப்பைப் பாதி மூடிய கையோடு நாற்பது நிமிடம் நிற்பேன். தலையை வேறு ஆட்டுவேன். மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள், “உங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அதன்பின் அவர் வரவே இல்லை. கணக்கில் ஒரு தவறு இருந்ததை முதலில் கவனித்தவர் அவர்தான். அதைக்கூட வந்து சொல்லவில்லை. சரிசெய்ய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. முதல் வாரத்திலேயே, “நான் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கு, சொல்லுங்க. மீதியை நாளைக்குக் காலையில பேசலாம்” என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டவன், மூன்று மாதம் கழித்து அவரை அவமானப்படுத்தினேன்.

எனவே வாக்கியத்தைச் சின்னதாக வையுங்கள். “இரவு எட்டுக்கு மேல் செய்திகளைப் பார்க்க மாட்டேன். காலை வரை தாங்காத விஷயம் என்றால் போன் பண்ணுங்கள்.” இவ்வளவுதான். தலைவலி, பிள்ளைக்குப் பரீட்சை என்று காரணம் அடுக்காதீர்கள். காரணம் சொன்னால் பேரம் தொடங்கும். பரீட்சை முடிந்த மறுநாள் செய்தி வரும். வாலில் “தப்பா எடுத்துக்காதீங்க” என்று சேர்ப்பதும் வேண்டாம். அதைக் கேட்ட பிறகுதான் பலருக்குத் தப்பாக எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

வீட்டுக் கதை சொல்பவர் விஷயம் வேறு. அதைப் பொது அறிவிப்பில் கலக்காதீர்கள், யாரைச் சொல்கிறீர்கள் என்று பன்னிரண்டு பேருக்கும் புரிந்துவிடும். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவருடைய விடுமுறைக்கும் சம்பள உயர்வுக்கும் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். அவர் வீட்டுச் சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டு, அவருக்கு ஒரு பெரிய வேலையைக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும்போது அதை மறந்துவிட முடியுமா? “உங்களுக்கு லீவு வேணுமா, வேலையைக் குறைக்கணுமா, அதை என்கிட்ட கேளுங்க. மத்தது எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது” என்று சொல்லலாம். கொஞ்சம் வலிக்கும்தான்.

1974இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ என்ற நிர்வாக இதழில் வில்லியம் ஆன்கனும் டொனால்டு வாஸும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நடைபாதையில் எதிர்ப்படும் ஊழியர் “நமக்கு ஒரு பிரச்சினை” என்கிறார். மேலாளர் “யோசிச்சுச் சொல்றேன்” என்கிறார். அந்த நொடியில் ஊழியர் முதுகில் இருந்த பொறுப்பு என்னும் குரங்கு மேலாளர் முதுகுக்குத் தாவிவிடுகிறது என்கிறார்கள். உங்கள் 11 மணிச் செய்திகளில் பாதி குரங்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். “நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். சில குரங்குகள் வந்த வழியே திரும்பும்.

இன்னொன்று. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் செய்தி அனுப்புவதில்லையா? பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை ஊழியர்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. தலைவர் அனுப்பும் செய்தியில் “காலையில் பார்த்தால் போதும்” என்று எழுதியிருந்தாலும் வாங்குபவர் அதை உத்தரவாகத்தான் படிப்பார். எட்டு மணி என்றால் இரண்டு பக்கமும் எட்டு மணி.

சொல்வது ஒரு நாள் வேலை. அப்புறம் இரண்டாவது வாரம், 10.40க்குப் போன் ஒளிரும். பதில் என்னவோ ஒரு வரிதான், உங்களுக்கு உடனே தெரியவும் தெரியும். விரல் துறுதுறுக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில், எதுவும் நடக்காததுபோல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “நேத்து ராத்திரி அனுப்பியிருந்தீங்களே” என்ற குத்தல் வேண்டாம். மறுபடி வந்தால் அதே வாக்கியம், அதே குரல்.

“மாறிட்டாங்க” என்று சொல்வார்கள்தான். மறுக்காதீர்கள், மாறித்தான் இருக்கிறீர்கள். பக்கத்து மேஜைத் தோழியிடம் பேசியதை எல்லாம் சம்பளம் முடிவு செய்பவரிடம் பேச முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். உங்களிடம் அதை முதலில் சொல்ல அவர்களுக்குத்தான் தயக்கம்.

அந்தப் பையனிடம் பேசிவிட்டு எழுதுங்கள். அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள ஆசை.