ஏஜெண்ட் காட்டும் அமெரிக்கப் பட்டம் டர்பனில் செல்லுமா?

கேள்வி: என் மகள் சைக்காலஜியில் பி.ஏ. முடித்திருக்கிறாள். விபத்தில் கையோ பார்வையோ போனவர்களை மறுபடி வேலைக்கு அனுப்பும் மறுவாழ்வு ஆலோசகராக ஆசைப்படுகிறாள். அமெரிக்க ஆன்லைன் முதுகலைக்கு ஒரு ஏஜெண்ட் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? (வாசகி, சாட்ஸ்வர்த்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மகள் எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறாள்? அது முடிவான பிறகுதான் கல்லூரி.

அமெரிக்காவில் இது தனித் தொழில். இங்கே, தென்னாப்பிரிக்காவில், தொழில் செய்யப் பதிவு தரும் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் 'மறுவாழ்வு ஆலோசகர்' என்ற பதிவுப் பிரிவே கிடையாது. அந்த வேலையைப் பெரும்பாலும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்கள்) பார்க்கிறார்கள். அதற்கு நாலு வருடப் படிப்பு, பிறகு ஒரு வருடம் கட்டாய சமூக சேவை. டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலேயே படிக்கலாம்.

"சாக்வா (தென்னாப்பிரிக்கக் கல்வித் தகுதி ஆணையம்) சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்பார்கள். வெளிநாட்டுப் பட்டம் இங்கே எந்த நிலைக்குச் சமம் என்று மட்டுமே அந்தத் தாள் சொல்லும். தொழில் செய்ய அனுமதிப்பது கவுன்சில். இந்த வித்தியாசத்தைப் பெற்றோருக்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் எழுதி வைக்க இரண்டு அலுவலகங்களுக்கும் இன்னும் முடியவில்லை; ஏஜெண்டுகள் பிழைப்பது அதனால்தான்.

பி.ஏ. இருப்பதால் மகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கவுன்சிலில் 'பதிவுபெற்ற ஆலோசகர்' என்ற பிரிவு. ஆனால் வெறும் சைக்காலஜி ஆனர்ஸ் (பி.ஏ.வுக்குப் பிறகு படிக்கும் ஒரு வருடப் பட்டம்) இதற்கு உதவாது. 720 மணி நேரச் செய்முறைப் பயிற்சியோடு, கவுன்சில் ஏற்ற ஆனர்ஸாக இருக்கவேண்டும். பயிற்சி இல்லாத ஆனர்ஸில் சேர்ந்துவிட்டு, வருடக் கடைசியில் பதிவு கிடைக்காமல் நிற்பவர்கள் நிறைய. சேருமுன் "இந்தப் படிப்பு முடித்தால் கவுன்சில் தேர்வு எழுதலாமா?" என்று பல்கலைக்கழகத்தின் சைக்காலஜி துறையிடம் எழுத்தில் கேளுங்கள். "சைக்காலஜி சம்பந்தமான பல வேலைகளுக்குப் போகலாம்" என்று பதில் வந்தால், முடியாது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் குடியேறுவதாக இருந்தால் மட்டும் அந்த முதுகலை. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. மறுவாழ்வு ஆலோசனைப் பிரிவுக்கே கேக்ரெப் (அமெரிக்காவில் ஆலோசனைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேக்ரெப் பட்டியலில் நீங்களே பாருங்கள். 'கேக்ரெப் பாடத்திட்டப்படி' என்ற வாசகம் அங்கீகாரம் ஆகாது. கோர் அங்கீகாரம் என்று காட்டினால் அது பழைய கையேடு. மறுவாழ்வு ஆலோசனைப் படிப்புகளை முன்பு அங்கீகரித்த அந்த அமைப்பு 2017-லேயே கேக்ரெப்போடு இணைந்துவிட்டது.

ஆன்லைன் என்றாலும் 100 மணி நேர ஆரம்பப் பயிற்சியும் 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் உண்மையான ஆட்களோடு செய்யவேண்டியவை. அந்த 600-ல் 240 மணி நேரம் நேரடி ஆலோசனை. டர்பனில் செய்தால் ஏற்பார்களா, மேற்பார்வையாளருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதற்குப் பல்கலைக்கழகமே பதில் எழுதவேண்டும். ஏஜெண்ட் எழுதித் தரும் உறுதிக்கு மதிப்பில்லை.

அமெரிக்க அரசின் மறுவாழ்வுப் பயிற்சி உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவர்களுக்கும்தான்.