நாளெல்லாம் தோட்ட வேலை செய்பவருக்கு முழங்கால் பயிற்சி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 57. பாலக்கோடு அருகே ஒன்றரை ஏக்கரில் தக்காளி பயிரிடுகிறோம். இரண்டு ஆண்டுகளாக இரு முழங்கால்களிலும் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி, தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யச் சொன்னார். நாள் முழுவதும் குந்திக் களை எடுப்பதும் கூடை சுமப்பதும் பயிற்சி ஆகாதா? தேய்ந்த மூட்டில் எடையைக் கட்டிப் பயிற்சி செய்தால் இன்னும் தேய்ந்துவிடாதா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்த அச்சம் நீங்காதவரை யாரும் பயிற்சியைத் தொடர்ந்து செய்வதில்லை. தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் செருப்பும் டயரும்தான் நினைவுக்கு வருகின்றன. பயன்படுத்தினால் குறையும், பயன்படுத்தாமல் வைத்தால் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். மூட்டு அப்படிப்பட்ட பொருள் அன்று. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. கால் ஊன்றும்போது அழுத்தப்பட்டு, தூக்கும்போது விடுபட்டு, இப்படி மாறி மாறி நடப்பதால்தான் அத்திரவம் குருத்தெலும்புக்குள் சென்று வருகிறது. “முட்டியில் பசை வற்றிவிட்டது” என்று சொல்லிக்கொண்டு காலை நீட்டியே உட்கார்ந்துவிடுபவருக்கு இந்த ஊட்டமும் குறைகிறது, சில வாரங்களில் தொடையும் மெலிகிறது. அளவோடு கூட்டிக்கொண்டு போகும் எடைப் பயிற்சியால் தேய்மானம் விரைவுபடுகிறது என்பதற்குச் சான்று இல்லை.

இனி தோட்ட வேலைக்கு வருவோம். அடுத்த முறை களை எடுத்துவிட்டு எழும்போது உங்கள் கைகள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு கை தொடையை அழுத்தும், மற்றொன்று தரையிலோ பந்தல் குச்சியிலோ ஊன்றும். அதாவது, தொடையின் முன்புறத் தசை செய்ய வேண்டிய வேலையைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன. வலிக்கும் மூட்டைச் சுற்றியுள்ள தசையை மூளை முழுமையாக இயங்க விடுவதில்லை. ஆகையால் தசை இளைக்கிறது, இளைத்த தசையால் மூட்டுக்கு வரும் அதிர்ச்சியைத் தாங்க இயலாமல் வலி கூடுகிறது. முழுவதும் குந்தி அமர்ந்திருக்கும்போதோ, தொடை கெண்டைக்கால் மீது சாய்ந்து தசை ஓய்ந்திருக்க, மிக மடங்கிய மூட்டு மட்டும் அழுத்தத்தில் நெடுநேரம் கிடக்கிறது. உழைப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை, ஆனால் வலுப்பெற வேண்டிய தசைக்கு அதில் பங்கு குறைவு என்பதே என் கருத்து.

பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருக்கையின் மேல் ஒரு போர்வையை நான்கைந்து மடிப்பாக மடித்து வையுங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, முன்னே சாய்ந்து எழுந்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல அமருங்கள். பொத்தென்று விழுந்தால் அந்த முறை கணக்கில் சேராது. இப்படி 8 முதல் 12 முறை, சற்று இளைப்பாறி மீண்டும் ஒரு சுற்று. 12 முறை எளிதாகிவிட்டால் போர்வையில் ஒரு மடிப்பைக் குறையுங்கள். இருக்கை தாழத் தாழத் தசைக்குச் சுமை கூடும். இதனுடன், அதே நாற்காலியில் அமர்ந்தபடி ஒவ்வொரு காலாக நேரே நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவதையும், சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து, அரைக் கிலோ மணலைத் துணியில் நீளவாக்கில் வைத்துத் தைத்துக் கணுக்காலில் கட்டிக்கொள்ளுங்கள்; கடையில் வாங்கும் பட்டையும் இதையேதான் செய்யும். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அறவே அடக்கக் கூடாது.

பயிற்சியின்போது வலி இருக்கும். பத்துக்கு நான்கு, ஐந்து என்ற அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி மிகுந்தோ முட்டி வீங்கியோ இருந்தால் நிறுத்திவிடாமல் எண்ணிக்கையையோ எடையையோ பாதியாக்குங்கள்.

எடையைக் கூட்டிக்கொண்டே போனால் வலி முற்றிலும் போய்விடும் என்று சில உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வதை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 377 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், கடும் எடையுடன் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்த எடையுடன் செய்தவர்களைவிட வலி குறைந்துவிடவில்லை. பயிற்சியால் கிடைக்கும் வலிக்குறைவு மிதமானதே. ஆறு முதல் எட்டு வாரங்களில் படியேறுவதிலும் பேருந்தில் ஏறுவதிலும் தெரியும் மாற்றத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உடல் பருமன் இருந்தால், 1 கிலோ குறையும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஏற்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒன்றைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்படும் முன்பு இங்கு பலர் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே பல ஆண்டுகள் குடித்தார்கள், சிலர் இன்றும் குடிக்கிறார்கள். முழங்காலோடு கழுத்தும் முதுகும் விறைத்து, பற்களில் சிறுவயது முதலே பழுப்புக் கறையும் இருந்தால், அது ஃபுளோரைடின் பாதிப்பாக இருக்கலாம்; அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். முட்டி சிவந்து சூடாக இருப்பது, காய்ச்சல், நடக்கையில் கால் பூட்டிக்கொள்வது, ஓய்விலும் உறக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒருமுறையாவது இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் முன்னிலையில் செய்து காட்டுவது நல்லது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பறிப்பு மும்முரமான வாரங்களில் மூன்று நாளை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். காய் தரம் பிரிக்கும்போது தரையில் குந்தாமல், காலிப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். எழும்போது கையைத் தொடையில் ஊன்றாமல் எழ முடிகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.