ரங்கூன் அத்தைக்கு எட்டாயிரம் ரூபாய் ஏன் போதவில்லை?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கிறேன். வயது 52. தாத்தா 1964-இல் பர்மாவின் (இன்றைய மியான்மர்) ரங்கூனை விட்டு வந்துவிட்டார். அப்பாவின் தங்கை மட்டும் அங்கே கல்யாணமாகித் தங்கிவிட்டார். அத்தைக்கு இப்போது 80 வயது. மகன் இப்போது இல்லை, மருமகளுடன் இருக்கிறார். பேரன் கட்டாய ராணுவச் சேர்க்கைக்குப் பயந்து தாய்லாந்து போய்விட்டான். 2020 முதல் மாதந்தோறும் 8,000 ரூபாய் வங்கி மூலம், குடும்பப் பராமரிப்பு என்று எழுதி அனுப்புகிறேன். இப்போது "காணாதுப்பா" (போதாது) என்கிறார். முன்பு 50,000 கியாட்டுக்கு (அந்த நாட்டுப் பணம்) வாங்கிய ஒரு பை அரிசி இன்று 1,60,000 என்கிறார். என் மைத்துனரோ, "கியாட் விழுந்தால் நம் ரூபாய்க்கு அதிகம் கிடைக்கத்தானே வேண்டும், கிழவி கூட்டிச் சொல்கிறாள்" என்கிறார். உண்டியலில் (வங்கி இல்லாமல் தரகர் வழியாகப் பணம் அனுப்பும் ஹவாலா) போட்டால் வங்கியைப் போல இரு மடங்கு கொடுப்பதாக ஒருவர் சொல்கிறார். அத்தை பெயரில் அங்கே 1 கோடியே 20 லட்சம் கியாட் வைப்புத்தொகை இருக்கிறது. அதை என்ன செய்வது? மனைவியின் நகையை அடகு வைத்தாவது கூடுதலாக அனுப்பலாமா?

பதில்: அத்தை கூட்டிச் சொல்லவில்லை. மைத்துனரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படியுங்கள்.

2021 தொடக்கத்தில் டாலர் நமக்கு 73 ரூபாய், அங்கே சுமார் 1,330 கியாட். உங்கள் 8,000 ரூபாய் ஏறக்குறைய 1,45,000 கியாட் ஆனது. அத்தை சொல்லும் விலையில் மூன்று பை அரிசிக்குச் சற்றே குறைவு. அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2022 ஆகஸ்டில் அங்கத்திய மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று ஓர் எண்ணை எழுதிவைத்தது. வெளிச்சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. 2024-இல் அங்கே டாலர் 4,000-ஐத் தாண்டி, நடுவில் சில நாட்கள் 6,000-க்கு மேலேகூடப் போனது.

இன்று டாலருக்கு 88 ரூபாய் என்று வையுங்கள். உங்கள் எட்டாயிரம், 2,100 கணக்கில் சுமார் 1,91,000 கியாட். ஒரு பை அரிசி வாங்கியபின் கொஞ்சம் சில்லறை மிஞ்சும், அவ்வளவுதான். 4,400 கணக்கில் 4 லட்சம் வரும், இரண்டரை பை. ஆக, வெளிச்சந்தை விலையே கிடைத்தாலும் பழைய மூன்று பை வராது. மைத்துனர் சொல்வதில் பாதி சரி: கியாட் அதிகம் வரும். ஆனால் எந்த விலையில் மாற்றித் தருகிறார்கள் என்பதை அவர் கேட்கவில்லை. சண்டை நடக்கும் நாட்டில் பணத்துக்கு ஒரு விலை கிடையாது. அரசாங்க விலை ஒன்று, வங்கிகளுக்குள் ஒன்று, தெருவில் ஒன்று. சம்பளமும் சேமிப்பும் முதல் விலையோடு கிடக்கும், அரிசிக்கடை மட்டும் மூன்றாவது விலையில் நடக்கும்.

இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், உங்கள் தொழிலே சொல்லும். அப்பளத்துக்கு வாங்கும் உளுந்தில் பர்மா எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்று தரம் பிரித்து விருதுநகர்காரர்கள் விலை சொல்வார்களே, அந்தச் சரக்கு துறைமுகத்தில் டன்னுக்கு இத்தனை டாலர் என்றுதான் பேசப்படுகிறது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்கிக்கொள்வதாக இந்தியா 2021-இல் ஒப்பந்தமே போட்டிருக்கிறது. வெளியே டாலருக்கு விற்கக்கூடிய சரக்கை ரங்கூன் வியாபாரி உள்ளூர்க் கிழவிக்குப் பழைய விலையில் கொடுப்பாரா? உளுந்து அங்கேதான் விளைகிறது, ஆனாலும் அத்தை அதை டாலர் விலையில்தான் வாங்குகிறார். சமையல் எண்ணெய் இன்னும் மோசம். பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரவேண்டும். கடலை, எள் விளையும் மத்திய வறட்சிப் பகுதிகளான மக்வே, சகாயிங் பக்கமெல்லாம் சண்டை. அப்புறம் மருந்து. இறக்குமதிக்கு அனுமதி, அதற்கு டாலர் என்று இரண்டு பூட்டு.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, விலையை உத்தரவு போட்டு நிறுத்தப் பார்த்தது. 2024-இல் குறித்த விலைக்கு மேல் அரிசி விற்றதாக வியாபாரிகளைக் கைது செய்தார்கள், ஒரு ஜப்பானிய நிறுவன அதிகாரி உட்பட. குறித்த விலையில் சரக்கு அலமாரியில் இருக்காது, இருக்கும் சரக்குக்கு அந்த விலை இருக்காது. அதனால் செய்தியில் வரும் விலையை விட்டுவிடுங்கள். அத்தை கொடுத்த விலைதான் விலை. அதுவும் ரங்கூன் விலை. வழிகள் அடைபட்டுக் கிடக்கும் ரக்கைன் பக்கம் இதே பொருள் பல மடங்கு. ஒரே நாட்டில்தான்.

சரி, உண்டியலுக்கு வருவோம். அந்த நாட்டில் பலரும் அதில்தான் வாழ்கிறார்கள், ஆசை வருவது இயல்பு. ஆனால் நீங்கள் இருப்பது கல்லிடைக்குறிச்சியில். இங்கே அது ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விதிமீறல், அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. உண்டியல்காரர் உங்களிடம் யாரோ ஒருவருடைய இந்திய வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுப்பார், நீங்கள் அதில் ரூபாய் போடுவீர்கள். தாய்லாந்து எல்லையில் மியாவடிப் பக்கம் இணைய மோசடிக் கூடாரங்கள் நடக்கின்றன, வேலை என்று நம்பிப் போன நம் ஊர்ப் பையன்களே அங்கே சிக்கி மீட்கப்பட்டார்கள். அந்தப் பணம் சுற்றும் கணக்கில் உங்கள் எட்டாயிரமும் விழுந்தால், சைபர் கிரைம் ஒருநாள் உங்கள் கணக்கையும் முடக்கும். அப்பளத்துக்கு உளுந்து வாங்கும் பணமும் அதில்தான் இருக்கும். வேண்டாம்.

வங்கி வழியில் சில திருத்தம் செய்யலாம். முதலாவது, நீங்கள் எழுதும் காரணமே சரியில்லை. நெருங்கிய உறவினர் பராமரிப்பு என்ற பட்டியலில் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் உண்டு, அத்தை இல்லை. நம் ஊரில் அத்தையைவிட நெருக்கம் யார் என்று கேட்பீர்கள், சட்டம் கேட்காது. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் பரிசு என்று, எஸ்1302 குறியீட்டில் ஏ2 படிவம் கொடுங்கள், பான் எண் கட்டாயம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தம் இல்லை. 2022 அக்டோபர் முதல் மியான்மர், கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்பின் கறுப்புப் பட்டியலில் இருப்பதால் கிளையில் கேள்வி மேல் கேள்வி வரும். அத்தையின் அடையாளச் சீட்டு, உறவைக் காட்டும் பழைய கடிதம், எதுவானாலும் கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டாவது, மாதாமாதம் அனுப்பிக் கட்டணத்தில் கரைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால், எந்த வங்கி எந்த விலையில் கியாட்டாகக் கொடுக்கிறது என்று மருமகளை அங்கே நாலு இடத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். பணம் வந்த வாரமே அரிசி, எண்ணெய், ரத்த அழுத்த மாத்திரை என்று பொருளாக மாறிவிட வேண்டும். கியாட்டாகத் தூங்கக்கூடாது.

எவ்வளவு அனுப்புவது? பழைய மூன்று பையை 2,100 கணக்கில் பிடிக்க மாதம் 20,000 ரூபாய் ஆகும். அதை நான் சொல்லமாட்டேன், நகை அடகு பேச்சே எடுக்காதீர்கள். விலை நிற்காத ஊருக்கு, வட்டி ஓடும் பணத்தை அனுப்புவதா? இரண்டு பேருக்கு மூன்று பை அரிசி தேவையும் இல்லை. இத்தனை ரூபாய் என்று வாக்குக் கொடுக்காமல், இன்ன சாமான் என்று வாக்குக் கொடுங்கள்: ஒரு மாதத்து அரிசி, எண்ணெய், பருப்பு, மாத்திரை. காலாண்டுக்கு ஒருமுறை மருமகள் விலை எழுதி அனுப்பட்டும், நீங்கள் தொகையை ஏற்றி இறக்குங்கள். என் கணிப்பில் 12,000 ரூபாய்க்குள் அடங்கும். உங்கள் மாத லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தாய்லாந்துப் பேரனிடமும் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது.

இனி அந்த 1 கோடியே 20 லட்சம். 2021 தொடக்கத்தில் அது 9,000 டாலர். 4,400 கணக்கில் இன்று 2,700 சொச்சம். யாரும் திருடவில்லை, புத்தகத்தில் அதே எண்தான் இருக்கிறது. வங்கி தரும் வட்டி இந்தச் சரிவின் பக்கத்தில்கூட வராது. ரங்கூன் குடும்பங்களுக்கு இது புதிதும் இல்லை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். உங்கள் தாத்தா கிளம்பிய ஆண்டு அது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 நோட்டுகள் ஒரே நாளில் காகிதமாயின, ஈடாக ஒரு காசு தரவில்லை. அத்தை இரண்டையும் பார்த்தவர். அப்படியும் வங்கியில் போட்டிருக்கிறார் என்றால் பேரனுக்கென்று வைத்திருப்பார்.

வழக்கமாக வருகிறவர்களிடம் சேமிப்பைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இங்கே தலைகீழாகச் சொல்கிறேன்: எப்படியும் வரப்போகும் செலவை இப்போதே செய்துவிடச் சொல்லுங்கள். கண்புரை அறுவை பாக்கி இருந்தால் இந்த மாதமே. கூரை ஒழுகினால் மழைக்கு முன். மணிக்கணக்கில் மின்சாரம் போகும் ஊரில் சின்ன சோலார் தகடும் பேட்டரியும் ஆடம்பரம் அல்ல. ஆனால் ஒரேயடியாக எடுக்கப் போனால் தொந்தரவு வரலாம். 2021-இல் வங்கி வாசலில் வரிசை நின்று, சொந்தப் பணத்தை ரொக்கமாக்கவே கமிஷன் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கட்டும். மீதியில் ஒரு பகுதிக்குத் தங்கம். அங்கே கியாட்தா என்ற எடையில் விற்பார்கள், நம் இரண்டு பவுனைச் சற்றுத் தாண்டும். நகையாக வேண்டாம், கட்டியாக. இரண்டு பெண்கள் தனியாக இருக்கும் வீடு, ஆகவே வாங்கியது தெருவுக்குத் தெரியக்கூடாது. டாலர் நோட்டு வாங்கி ஒளித்து வைக்கலாமா என்று கேட்பார்கள். வெளிநாட்டுப் பணம் வைத்திருக்க அங்கே கட்டுப்பாடு உண்டு, மடிப்பு விழுந்த டாலரை வாங்கவும் மாட்டார்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். மருமகள் எண்ணெய் விலை எழுதும்போது லிட்டருக்கா, வீசைக்கா என்று குறிக்கச் சொல்லுங்கள். நம் வீசைதான் கப்பலேறி அங்கே இன்னும் புழங்குகிறது. என் ஆச்சி காலத்து வீசை 1 கிலோ 400 கிராம், அங்கே 1 கிலோ 630 கிராம். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் மைத்துனர் மறுபடியும், "பார்த்தீர்களா, கூட்டிச் சொல்கிறாள்" என்பார்.